செட்டிங்ஸ் அசையாமல் உட்கார்ந்த மதியம்

சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரை 'செட்டிங்ஸ்' என்றுதான் சொல்வார்கள். நேரில் இல்லை. நேரில் அவரவர் முறைப்படி அத்தான், மாமா, சித்தப்பா. அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியதும் செட்டிங்ஸ்.

பெயர் வைத்த புண்ணியவான் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. மச்சான் புது டிவி வாங்கிய அன்று பார்த்துவிட்டுப் போக வந்தவர், "படம் கொஞ்சம் வெளிறின மாதிரி இருக்கே" என்று ரிமோட்டைக் கையில் எடுத்தார். அவர் கிளம்பும்போது படம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. டிவியின் மொழிதான் மாறிப்போயிருந்தது. அது எந்த நாட்டு மொழி என்று அந்த வீட்டில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. எழுத்துகளின் தலையில் குட்டிக் குட்டித் தொப்பிகள் இருக்கும் என்பது மட்டும் தெரியும். மச்சான் வீட்டுக் குழந்தைகள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். எந்தத் தொப்பியை அமுக்கினால் சத்தம் குறையும் என்று அவர்கள் சொன்னால்தான் பெரியவர்களுக்குத் தெரியும்.

செட்டிங்ஸ் வேலை பார்த்தது லிஃப்ட் மெக்கானிக்காக. ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் செய்தாலும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நிற்பார். முதலில் அணைப்பார். அப்புறம் போடுவார். பாதி லிஃப்ட் அதற்கே பயந்து ஓட ஆரம்பித்துவிடும். மீதிப் பாதிக்கு மூடியைக் கழற்றுவார், ஒயர்களைப் பார்ப்பார், ஒன்றிரண்டை இறுக்குவார், ஓடும். அவர் கைராசியில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் இத்தனை வருஷம் சொன்ன பேச்சைக் கேட்கும் இயந்திரங்களோடு பழகியதில் அவருக்கு ஒரு தத்துவம் பிறந்துவிட்டது: உலகத்தில் எதுவும் கெட்டுப்போவதில்லை, செட்டிங்ஸ்தான் தப்பாக இருக்கிறது.

முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்கு அங்கே லிஃப்ட் இல்லை. தரைத்தளத்து வீடு. கை அரித்தது. துணி துவைக்கும் மெஷினுக்குக் குழந்தைப் பூட்டைப் போட்டார், எடுக்கத் தெரியவில்லை. வாசல் மணிக்கு ராகம் மாற்றினார். யாராவது அமுக்கினால் வீட்டில் யாரோ அழுவது போலிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மணியை அமுக்குவார்.

போன வருஷம் பாதுகாப்புப் படலம். பொது இடத்தில் போனை சார்ஜ் போட்டால் கேபிள் வழியாக நம் விஷயங்களை உருவிவிடுகிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டார். மற்றவர்கள் இதைப் படித்தால் பொது இடத்தில் சார்ஜ் போடாமல் இருப்பார்கள். இவர் லிஃப்ட் மனிதர். ஆபத்து என்றால் ஒயரில் கைவைப்பவர். கேபிளைப் பிளந்து பார்த்தார். உள்ளே நாலு கம்பி. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் செய்திக்கு. பச்சையையும் வெள்ளையையும் வெட்டினார். சார்ஜ் ஏறும், செய்தி ஏறாது. வெட்டின இடத்தில் மஞ்சள் டேப் சுற்றி, 'பாதுகாப்பானது' என்று பேனாவால் எழுதினார். வீட்டில் இருந்த அத்தனை கேபிளுக்கும் அன்று அறுவை சிகிச்சை நடந்தது. மனைவி அப்போது, "ஏங்க, நல்லாயிருக்கிற ஒயரை எதுக்கு அறுக்கிறீங்க?" என்று கேட்டாள். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார். அது அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் தட்டச்சாளராக இருந்தவள். வக்கீல் வாயைத் திறப்பதற்கும் அவள் விரல் நகர்வதற்கும் நடுவில் காற்றுப் புக இடமிருக்காது. பேசுகிறவர் இருமினால்தான் அவள் விரலுக்கு ஓய்வு. ஓய்வு பெற்ற பிறகு அந்த விரலுக்கு வேறு வேலை வந்தது. காது கேளாத பிள்ளைகள் கல்லூரி வகுப்பில் உட்காரும்போது, இவள் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாக வகுப்பைக் கேட்பாள். வாத்தியார் சொல்லச் சொல்ல அடிப்பாள். அது அந்தப் பிள்ளையின் திரையில் வரிவரியாக ஓடும். வாத்தியார் சொல்லும் ஜோக்கையும் அடிப்பாள். வகுப்பு சிரிக்கும்போது அந்தப் பிள்ளையும் சிரிக்க வேண்டுமே.

மூன்று வருஷமாக அவள் ஒரு பெண்ணுக்கு இப்படிக் காதாக இருந்தாள். மண்ணின் தன்மையைப் பற்றிப் படிக்கிற பெண். அவளுடைய கடைசி வாய்மொழித் தேர்வு அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு. தேர்வாளர்கள் கேட்பதை இவள் அடிக்க வேண்டும், பெண் படித்துப் பதில் சொல்ல வேண்டும். மெஷின் தானாக எழுதித் தருவதை நம்பி இவள் கிடைப்பதற்கு முன்னே அந்தப் பெண் ஒருமுறை தேர்வுக்குப் போய், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி அவமானப்பட்டுத் திரும்பியிருந்தாள். இந்தமுறையும் தேறாவிட்டால் ஒரு வருஷம் போகும். அன்று காலை பெண்ணிடமிருந்து செய்தி வந்திருந்தது: 'ஆன்ட்டி, நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான் போறேன்.'

இதைக் கணவரிடம் படித்துக் காட்டியவள், வாய் சும்மா இருக்காமல் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாள். "லேப்டாப்தான் ரெண்டு நாளா கொஞ்சம் மெதுவா இருக்கு. இன்னைக்கு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் காதில் 'மெதுவா இருக்கு' மட்டும் விழுந்தது.

"நீங்க கைய வெச்சிடாதீங்க" என்றும் சொன்னாள். அது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது. புதுக் கண்ணாடி தயாராகிவிட்டது என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். தேர்வுக்கு அதைப் போட்டுக்கொண்டு உட்கார ஆசை. கதவு சாத்தும் சத்தத்தில் அந்த வாக்கியம் நசுங்கிவிட்டது என்று பிற்பாடு செட்டிங்ஸ் வாதாடினார். நசுங்கவில்லை. ஹாலில் இருந்தவருக்குத் தெளிவாகவே கேட்டது.

அவர் கணக்கு சுலபமானது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டால் லேப்டாப் பறக்கும். அவள் திரும்புவதற்குள் முடிந்துவிடும். மனைவி புதுக் கண்ணாடியோடு வந்து பார்க்கும்போது புதுக் கம்ப்யூட்டர். 'எப்படிங்க?' என்று கேட்பாள். 'செட்டிங்ஸ்ல கொஞ்சம் தட்டினேன்' என்று சொல்லிவிட்டு பேப்பர் படிக்கலாம். அவள் கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் பத்திரமாக எடுத்து வைத்தார். மறந்துவிடக் கூடாதே என்று பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எச்சரிக்கையான மனிதர்.

துடைத்தார். போட்டார். திரையில் வட்டம் சுற்றியது, சதவீதம் ஏறியது. லிஃப்ட் மாடி எண்ணைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் 'வருக' என்றது. நீல நிறத்தில் பளிச்சென்று, நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி, ஒரு பாவமும் அறியாத முகத்தோடு எழுந்து நின்றது. ஒரு தட்டு, உடனே திறந்தது. "இதுதான் வேகம்" என்று வாய்விட்டே சொன்னார்.

அப்போதுதான் வலது மூலையைப் பார்த்தார். வைஃபைக்கான அந்த விசிறி வடிவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூமி உருண்டை, அதன் குறுக்கே ஒரு கோடு. தட்டினார். விமானத்தில் போகும்போது அமுக்குகிற பொத்தான் ஒன்று மட்டும் வந்தது. வைஃபை என்ற பேச்சே இல்லை. அணைந்திருக்கிறது என்றால் போடலாம், பாஸ்வேர்டு தப்பு என்றால் திருத்தலாம். இது அப்படியில்லை. வைஃபையா, அப்படி ஒருவர் இங்கே குடியிருந்ததே இல்லையே என்று வீட்டுக்காரர் கையை விரிப்பது போல இருந்தது.

அணைத்துப் போட்டார். உருண்டை. மறுபடியும் அணைத்துப் போட்டார். உருண்டை. விமானப் பொத்தானை அமுக்கினார். உருண்டை போய் விமானம் வந்தது. திரும்ப அமுக்கினார்; விமானம் போய் உருண்டை வந்தது. மோடத்தை அணைத்துப் போட்டார். அதில் பச்சை விளக்குகள் எல்லாம் வரிசையாகக் கண்சிமிட்டின. எங்கள்மேல் குறையில்லை என்பது போல. அவர் போனில் இணையம் ஜம்மென்று வந்தது. பக்கத்து வீட்டுக்கும் போயிருக்கும். லேப்டாப்புக்கு மட்டும் அது கேட்டறியாத பாஷை.

செட்டிங்ஸ் செட்டிங்ஸுக்குள் போனார். அவர் பிறந்த வீடு அது. எந்த அறையில் எது இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். நெட்வொர்க் என்ற அறைக்குள் நுழைந்தார். காலி. கடைசியாக, கம்ப்யூட்டருக்குள் என்னென்ன உறுப்புகள் என்று காட்டும் பட்டியலில், ஒரு பெயருக்கு முன்னால் மஞ்சளாக ஓர் ஆச்சரியக்குறி உட்கார்ந்திருந்தது. போனில் தேடிப் படித்தார். வைஃபை உறுப்பு உள்ளேதான் இருக்கிறது. அதை நடத்துகிற மென்பொருள் இல்லை. டிரைவர் என்று பெயர். பழைய விண்டோஸோடு சேர்த்து டிரைவரையும் துடைத்திருக்கிறார். அது கம்பெனியின் வலைத்தளத்தில் கிடைக்கும். லேப்டாப்பில் 'இணையத்தில் தேடவா?' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினார். 'இணையத்துடன் இணைக்கவும்' என்றது.

"அடப்பாவி" என்றார். "இணையம் வர்றதுக்குத்தானே உன்னைக் கேக்குறேன்! இணையத்துல போய் எடுத்துக்கோன்னா என்ன அர்த்தம்?"

லேப்டாப் பதில் சொல்லவில்லை. பதிலுக்கு, ஒலி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவா என்று கேட்டது.

சட்டைப் பையில் பென் டிரைவோடு தெருமுனை நெட் சென்டருக்கு ஓடினார். வெயிலில் வந்த வேகத்தில் மூச்சு வாங்க, கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, லேப்டாப்பின் மாடல் எண்ணைப் போட்டார். வைஃபை டிரைவர் என்று ஒன்று இல்லை, மூன்று இருந்தன. ஒரே மாடலில் மூன்று விதமான உறுப்பைப் பொருத்தி விற்றிருக்கிறார்கள். அவரவருக்கு எது வாய்த்ததோ அது. மூன்றையும் எடுத்திருக்கலாம். ஆனால் செட்டிங்ஸுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, முதலில் இருப்பதுதான் சரியானதாக இருக்கும், மற்றதெல்லாம் சும்மா ஒப்புக்கு என்று. எதிலும் முதலாவதைத் தொட்டே பழகிய கை. முதலாவதை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

'இந்தக் கருவிக்கு இது பொருந்தாது' என்றது லேப்டாப்.

மறுபடி ஓடினார். நெட் சென்டர் கதவில் பூட்டு. சாப்பாட்டு நேரம். கதவில் 'இதோ வந்துவிடுகிறேன்' என்று ஓர் அட்டை தொங்கியது. எப்போது போனேன் என்று எழுதாமல் இதோ வந்துவிடுகிறேன் என்று மட்டும் எழுதுகிறவர்களை என்ன செய்தால் தகும் என்று யோசித்துக்கொண்டே அங்கே கொஞ்ச நேரம் நின்றார். அட்டை காற்றில் ஆடியது. திரும்பிவிட்டார்.

வீட்டில் மனைவி புதுக் கண்ணாடியோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இது என்னங்க, நீலமா இருக்கு?"

"புதுசு."

"என்னது புதுசு?"

"எல்லாமே. மெதுவா இருக்குன்னு சொன்னியே."

அவள் மூலையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியில் குறையில்லை.

"வைஃபை எங்க?"

"வந்துடும்."

"எப்ப?"

"டிரைவர் இல்ல. அதாவது டிரைவர்னா வண்டி ஓட்டுறவன் இல்ல…"

"எனக்குத் தெரியும் டிரைவர்னா என்னன்னு. எப்ப வரும்?"

கத்தியிருந்தால் செட்டிங்ஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்தலாம், சண்டை வந்தால் விஷயம் கொஞ்சம் நகரும். அவள் கத்தவில்லை. நீதிமன்றத்தில் பொய்சாட்சி சொன்னவனை எப்படிப் பார்த்துக்கொண்டு அடிப்பாளோ அப்படிப் பார்த்தாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"போன்லயே அடிக்க முடியாதா?" என்று கேட்டார், குரலை இறக்கி.

"கட்டைவிரலால அடிச்சா அந்தப் பொண்ணு பட்டம் வாங்கி, கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்தப்புறம்தான் முதல் கேள்வி போய்ச் சேரும்" என்று சொல்லிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். மச்சான் வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். எப்போது கூப்பிட்டாலும் ஒரு வாய் நம்மிடமும் ஒரு வாய் வாடிக்கையாளரிடமும் பேசும்.

"சொல்லுக்கா."

"உங்க அத்தான் லேப்டாப்ப துடைச்சிட்டாரு. வைஃபை காணோம். மூணு மணிக்குத் தேர்வு."

"செட்டிங்ஸ்…" என்று ஆரம்பித்த மச்சான், ஸ்பீக்கரில் இருக்கிறோம் என்று உறைத்து, "செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தீங்களா அத்தான்?" என்று முடித்தான்.

"எல்லா இடத்துலயும் பாத்துட்டேன் மச்சான்."

"அதானே, பாக்காம இருப்பீங்களா. இத சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு போடுங்க. உங்களுக்கில்ல அத்தான். நீங்க ஒண்ணும் போடாதீங்க, தயவுசெஞ்சு எதையும் போடாதீங்க. ரொம்ப சுலபம். போனை எடுத்து கேபிள்ல லேப்டாப்போட இணைங்க. போன்ல, கேபிள் வழியா இணையத்தைப் பகிருன்னு ஒண்ணு இருக்கும், அதைத் தட்டுங்க. அதுக்கு டிரைவரெல்லாம் வேணாம். உடனே வந்துடும். வெறும் சார்ஜ் கேபிளா மட்டும் இருக்கக் கூடாது, செய்தி போற கேபிளா இருக்கணும். சாதாரண கேபிள் எதுவா இருந்தாலும் சரி."

மனைவியின் முகம் மலர்ந்தது. "அவ்வளவுதானா! என்னங்க, கேபிளை எடுங்க."

செட்டிங்ஸ் எடுக்கவில்லை. பச்சை, வெள்ளை என்று இரண்டு நிறங்கள் அவர் கண்ணுக்குள் ஓடின.

"என்னங்க?"

"கேபிள்… நம்ம வீட்ல இருக்கிறது எல்லாம் பாதுகாப்பான கேபிள்."

போனில் மருந்துக்கடைச் சத்தம் கேட்டது. யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையுமா அறுத்தீங்க?" என்றாள் மனைவி.

"எல்லாத்தையும்னா… எல்லாத்தையும்."

அவள் எழுந்தாள். செருப்பைக் கூட மாட்டாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அழுகிற மணி அங்கே இல்லை, சாதாரண மணிதான். அவள் கேட்டதும் பக்கத்து வீட்டம்மா கையோடு கேபிளை எடுத்துக் கொடுத்தாள். வெற்றியோடு திரும்பி வந்து லேப்டாப்பில் சொருகப் போனவள் கை அப்படியே நின்றது.

கேபிளின் நடுவில் மஞ்சள் டேப். 'பாதுகாப்பானது.'

"அவங்களோடதையுமா?"

"அவங்க வீட்டுக்காரரு கேட்டாரு. நல்ல விஷயம்னா நாலு பேருக்குச் செய்யணும் இல்லையா."

"அத்தான்" என்றது போன். மச்சான் குரல் மெதுவாக, மிக மெதுவாக வந்தது. "போன தடவை இங்க வந்தப்ப என் கார்ல சார்ஜ் போட்டுக் குடுத்தீங்களே. அந்தக் கேபிள்ல ஒரு மஞ்சள் டேப் இருக்கு. நான் டிசைன்னு நெனச்சேன். அதுலேர்ந்துதான் கார்ல பாட்டு வரமாட்டேங்குது. நான் ஸ்பீக்கரைக் கழட்டி மாத்தி, அப்புறம்…" "எழுபத்தஞ்சு பவர் கேட்டீங்களா, இருங்க தர்றேன்" என்று வேறு யாரிடமோ சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கடைத்தெருவுக்குப் போய் வர நேரமில்லை. மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். போனை எடுத்து அந்தப் பெண்ணுக்கு ஏதோ அடிக்க ஆரம்பித்தாள். கட்டைவிரலால். 'கண்ணு, ஒரு சின்ன சிக்கல்' என்று வந்தது. அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள். வாழ்க்கையில் அவள் இவ்வளவு மெதுவாக அடித்து செட்டிங்ஸ் பார்த்ததில்லை.

"அனுப்பாத" என்றார். "கொஞ்சம் இரு."

பரணிலிருந்து பழைய லிஃப்ட் பையை இறக்கினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் கேபிளின் மஞ்சள் டேப்பைப் பிரித்தார். தன் கையெழுத்தை நகத்தால் சுரண்டி எறிந்தார். பச்சைக் கம்பியின் இரண்டு முனைகள், வெள்ளைக் கம்பியின் இரண்டு முனைகள். தலைமுடி கனம்தான் இருந்தன. லிஃப்ட் கம்பிகள் விரல் தடிமன். கண்ணை மூடிக்கொண்டு முறுக்கலாம். இவை முறுக்கினால் பட்டென்று அறுந்தன. மறுபடி உரித்தார். மறுபடி முறுக்கினார். வெட்டும்போது எதற்காக இவ்வளவு ஒட்ட வெட்டினேன் என்று முணுமுணுத்தார். "அழகா வெட்டணும்னு வெட்டியிருப்பீங்க" என்றாள் மனைவி, தலை நிமிராமல்.

ஒரு முனையை லேப்டாப்பில் சொருகினார்கள், மறு முனையைப் போனில். அவர் முறுக்கின இடத்தை விரலால் அழுத்தினார். போன் 'டிங்' என்றது. பகிர்வு என்பதைத் தட்டினாள். உருண்டையின் குறுக்கே இருந்த கோடு மறைந்தது.

"வந்துடுச்சு!" என்று கையை எடுத்தார். கோடு வந்தது.

"புடிங்க!"

பிடித்தார். கோடு போனது. டேப்பை எடுக்க ஒரு கையை விட்டார். கோடு வந்தது.

"டேப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீங்க அப்படியே இருங்க. அசையாதீங்க" என்றாள்.

மூன்று மணி. திரையில் தேர்வாளர்கள் வந்தார்கள். ஒருவர் கனத்த குரல், ஒருவர் கீச்சுக் குரல். அந்தப் பெண் திரையின் ஓரத்தில் தெரிந்தாள். இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, கண்ணை வரிகள் ஓடும் இடத்திலேயே வைத்திருந்தாள். மனைவியின் விரல் ஓட ஆரம்பித்தது. வாத்தியம் மாதிரி சத்தம். தரையில், மேஜைக் காலுக்குப் பக்கத்தில், இரண்டு கட்டைவிரல்களாலும் இரண்டு கம்பிகளை நசுக்கியபடி செட்டிங்ஸ்.

வாழ்க்கையில் எதையும் தொடாமல் இருந்ததில்லை என்பதும், எதையாவது தொட்டபடியே இப்படி இருந்ததில்லை என்பதும் அவருக்கு ஒரே நேரத்தில் உறைத்தது. முட்டி மரத்தது. மூக்கு நுனியில் அரித்தது. அரிப்பு நெற்றிக்குப் போனது; நெற்றியிலிருந்து முதுகுக்கு இறங்கி, அங்கே கூடாரம் போட்டது. கண்ணுக்கு நேரே மின்விசிறியின் பொத்தான். அதன் ஒரு திருகாணி லேசாகத் தளர்ந்திருப்பதை அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கால் திருப்பு திருப்பினால் போதும். பார்வையை வேறு பக்கம் திருப்பினார். அங்கே கடிகாரம் ஒரு நூல் சாய்ந்து தொங்கியது.

முதல் கேள்வி பாதியில் ஒருமுறை விரல் வழுக்கியது. கனத்த குரல் அறுந்து, திரை உறைந்தது. மனைவி திரும்பவில்லை, முழங்காலால் அவர் தோளை ஒரு இடி இடித்தாள். அழுத்தினார். திரை உயிர் பெற்றது. 'கேள்வியை மறுபடி கேட்கச் சொல்' என்று அடித்தாள். பெண் கேட்டாள். கனத்த குரல் கோபப்படாமல் மறுபடி சொன்னது. பெண் பதில் சொல்ல ஆரம்பித்தாள். மண்ணைப் பற்றி செட்டிங்ஸுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் தயங்காமல் பேசுகிறாள் என்பது தெரிந்தது.

நடுவில் மச்சான் கூப்பிட்டான். போன் தரையில் அதிர்ந்து நகர்ந்தது, கேபிள் இழுபட்டது. செட்டிங்ஸ் பிடியை விடாமல் போனோடு சேர்ந்து தானும் உட்கார்ந்தபடியே நகர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தும்மல். அடக்க அடக்க உப்பி, வெடித்தேவிட்டது. கை ஆடியது, கம்பி நழுவியதுகூட விரலுக்குத் தெரிந்தது. உடனே பிடித்துவிட்டார். திரை உறையவில்லை. குரல் அறுபடவில்லை. தன் பிடியின் வேகத்தை அவரே மெச்சிக்கொண்டார். அதற்கப்புறம் இன்னும் இறுக்கமாகப் பிடித்தார்.

தேர்வு முடிந்தது. கீச்சுக் குரல், "நல்லா பண்ணியிருக்கீங்கம்மா" என்றது. மனைவி அதையும் அடித்தாள். பெண் அதைப் படித்துவிட்டு, தேர்வாளர்களைப் பார்க்காமல் நேராக கேமராவைப் பார்த்துக் கையைக் குவித்தாள். திரை கருத்தது.

மனைவி நாற்காலியில் சாய்ந்து விரல்களை உதறினாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விடலாமா?" என்றார் தரையிலிருந்து.

"விடுங்க."

விட்டார். விரல்கள் மடங்கின வாக்கிலேயே நின்றன. மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எலும்பாக எழுந்து நின்று, பழக்க தோஷத்தில் வலது மூலையைப் பார்த்தார். கேபிள் தரையில் செத்துக் கிடந்தது. மூலையில் உருண்டையும் இல்லை, கோடும் இல்லை. வைஃபையின் அந்த விசிறி, முழுசாக விரிந்து உட்கார்ந்திருந்தது.

"இது… இது எப்ப வந்தது?"

"அந்தப் பொண்ணு ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது. இணையம் கிடைச்சதும் அதுவே போய் டிரைவரைத் தேடி எடுத்துப் போட்டுக்கிச்சு. ஓரத்துல ஒரு செய்தி வந்தது. பாஸ்வேர்டு கேட்டுச்சு, குடுத்தேன்."

செட்டிங்ஸ் தும்மலை நினைத்துப் பார்த்தார். தன் பிடியை மெச்சிக்கொண்டதையும் நினைத்துப் பார்த்தார்.

"அப்ப என்னை எழுந்திரிக்கச் சொல்லியிருக்கலாம்ல? முட்டி செத்துப்போச்சு. முதுகு அரிச்சு உயிர் போச்சு. மணிக்கணக்கா ஒயரைப் புடிச்சிட்டு…"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் மனைவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "ஆனா உங்க ரெண்டு கையும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிட்டே இருந்தது பாருங்க. அந்த நிம்மதியில அடிச்ச மாதிரி நான் கோர்ட்லகூட அடிச்சதில்ல."

லேப்டாப்பின் பக்கம் அவர் கை தானாக ஓர் அங்குலம் நகர்ந்தது. அவள் மூடியைப் பட்டென்று சாத்தி, அதைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில், சமையலறை அலமாரியிலிருந்து கேபிள்கள் கிடக்கும் கூடையைக் கொண்டுவந்து அவர் முன்னால் தரையில் வைத்தாள். பக்கத்து வீட்டுக் கேபிளையும் அதன்மேல் போட்டாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. மச்சான்.

"என்ன அத்தான், முடிஞ்சுதா? பொண்ணு தேறிடுமா?"

"தேறிடும்."

"நல்லது. என் கார் கேபிளை நாளைக்கே தபால்ல அனுப்பி வைக்கிறேன். பச்சையும் வெள்ளையும் ஒட்டித் திருப்பி அனுப்புங்க. வேற எதையும் தொட வேணாம்."

செட்டிங்ஸ் போனை வைத்தார். கூடைக்குள் மஞ்சள் டேப்புகள் வரிசையாக, அவர் கையெழுத்திலேயே, பாதுகாப்பானது பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டிருந்தன. மறுபடி சம்மணம் போட முட்டி சம்மதிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் டேப்பைப் பிரிக்க நகத்தை வைத்தார். பிசின் நன்றாகவே பிடித்திருந்தது. நல்ல டேப்பாகப் பார்த்து வாங்கியிருந்தார்.